உஷார்! யாழ்ப்பாணத்தில் ‘பாரம்பரிய’ ஹோட்டல் தேடுகிறீர்களா? முற்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

நல்லூர்க் கோயில் கொடியேற்றம் நெருங்கிவிட்டால் யாழ்ப்பாணத்து விடுதிகளின் தொலைபேசிகள் ஓய்வதில்லை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகளோடு வருகிறவர்கள், கொழும்பிலிருந்து இரவு பஸ் பிடிக்கிறவர்கள், நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்குகிறவர்கள், சென்னையிலிருந்து பலாலிக்குப் பறந்து வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள்தான். “றூம் இருக்கா? எவ்வளவு?” பதில் கிடைத்ததும் பணம் போய்விடுகிறது.

இது ஆபத்து. கேட்காமல் விட்ட கேள்விகளால்தான் பச்சைக் குழந்தைக்குப் பால் கரைக்கத் தகாத தண்ணீர் போகிறது. அதனால்தான் வயதான அம்மா பெட்டியோடு மணல் வீதியில் நடக்க வேண்டி வருகிறது, போலிச் செய்தியொன்றில் கடனட்டை இலக்கம் பறிபோகிறது, ஒருவேளைச் சாப்பாட்டால் விடுமுறை முழுவதும் காய்ச்சலில் கழிகிறது. இவை எல்லாமே ஒரு தொலைபேசி அழைப்பில் தவிர்க்கக்கூடியவை. அழகான படம், பழைய தூண், ‘ஹெரிற்றேஜ்’ என்ற பெயர் ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தண்ணீர், இடம், பிள்ளைகளின் பாதுகாப்பு, பில் ஆகிய நான்குக்கும் தெளிவான பதில் வாங்கிய பிறகு மட்டும் பணம் அனுப்புங்கள்.

பெயர்ப்பலகையில் மட்டும் பழமை

யாழ்ப்பாண நகரத்தின் நெஞ்சுப்பகுதி போரில் தரைமட்டமானது. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோண வடிவில் விரித்துக் கட்டிய கோட்டையே சிதைந்துதான் நிற்கிறது. 1981இல் எரிக்கப்பட்ட பொதுநூலகம் திருத்தப்பட்டு மக்களுக்குத் திறக்கப்பட்டது 2003இல். இப்படிப்பட்ட நகரத்தில் நூறு வருடம் தொடர்ந்து இயங்கிய ஹோட்டலை எதிர்பார்க்க முடியாது. நகர மையத்தில் நீங்கள் காணும் மாடி ஹோட்டல்களில் பெரும்பாலானவை போர் முடிந்த 2009க்குப் பின் எழுந்தவை.

ஆகவே இங்கே ‘பாரம்பரிய விடுதி’ என்று விளம்பரம் செய்யப்படுவது இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, பழைய நாற்சார் வீட்டைத் திருத்தி, பின்வளவில் புதிய அறைகள் சேர்த்தது. மற்றது, கோட்டைக்கோ நல்லூருக்கோ பக்கத்தில் கட்டிய புதிய கட்டடம். இரண்டிலும் பிழையில்லை. ஆனால் படத்தில் முற்றமும் மரத்தூணும் காட்டிவிட்டுப் பின்வளவில் காற்றோட்டமில்லாத அறையைத் தருகிற இடங்களும் உண்டு. “படத்தில் இருக்கிற பழைய வீட்டுக்குள்ளேயா என் அறை? அல்லது பின்னால் கட்டிய பகுதியிலா?” என்று நேரே கேளுங்கள். அந்த அறையின் காணொளியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான விடுதிக்காரர் மறுக்கமாட்டார்.

உண்மையிலேயே பழைய கட்டடம் என்றால் இன்னும் கவனம். நல்லூர் மந்திரிமனையின் ஒரு பகுதி 2025 செப்டெம்பர் மழையில் இடிந்து விழுந்தது. தொல்பொருட் சின்னம் என்று எல்லோரும் அறிந்த கட்டடத்துக்கே அந்தக் கதி. பழைய வீட்டில் தங்குவதானால் கூரை எப்போது மாற்றப்பட்டது, மின்கம்பிகள் புதியவையா, மாடியிலிருந்து இறங்க இரண்டாவது வழி உண்டா, யன்னல் கிராதிகள் உள்ளிருந்து திறக்கக்கூடியவையா என்று கேட்காமல் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

‘யாழ்ப்பாணம்’ என்றால் எந்த யாழ்ப்பாணம்?

இணையத்தில் ‘யாழ்ப்பாணம்’ என்று தேடினால் குடாநாடு முழுவதும் வந்து நிற்கும். சுன்னாகம் விடுதியும் சாவகச்சேரி விடுதியும் பருத்தித்துறைக் கடற்கரை வீடும் ஒரே வரிசையில் தெரியும். கோட்டை, நூலகம், பெரியகடை என்று நடந்து பார்க்க வந்த குடும்பம், ஒவ்வொரு முறையும் ஓட்டோவுக்குக் காசு கொடுத்தே களைத்துப்போகும்.

முகவரியும் ஏமாற்றும். பருத்தித்துறை வீதி, பலாலி வீதி, காங்கேசன்துறை வீதி, கண்டி வீதி என்று நகரத்திலிருந்து புறப்படும் வீதிகள் எல்லாம் மிக நீளமானவை. ‘பருத்தித்துறை வீதி, யாழ்ப்பாணம்’ என்ற முகவரி நல்லூர்க் கோயிலடியாகவும் இருக்கலாம், கோப்பாய் தாண்டியும் இருக்கலாம். காங்கேசன்துறை வீதி நகரத்தில் தொடங்கி ஏறக்குறைய 18 கிலோமீற்றர் ஓடிக் கடலில்தான் முடிகிறது. வீதியின் பெயரை நம்பாதீர்கள். எந்தச் சந்திக்குப் பக்கம், யாழ். புகையிரத நிலையத்திலிருந்தும் போதனா வைத்தியசாலையிலிருந்தும் எத்தனை கிலோமீற்றர் என்று கேட்டு, கூகிள் வரைபடத்தில் ஒத்துப்பாருங்கள். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு வைத்தியசாலை வீதியைச் சுற்றி ஒன்றிரண்டு கிலோமீற்றருக்குள் தங்குவது எல்லா வகையிலும் நல்லது. பஸ் நிலையம், சந்தை, மருந்துக்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. விடியற்புறத்தில் இறங்குவீர்கள். பல ஹோட்டல்களில் அறை கிடைப்பது பிற்பகல் 2 மணிக்குத்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வரவேற்பறைக் கதிரையில் அரைநாள் கழிக்க வேண்டாம். “காலை 6 மணிக்கு வந்தால் அறை தருவீர்களா? மேலதிகமாக எவ்வளவு?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நல்லூர்த் திகதியில் விழும் அடி

போன வருடத்துத் திகதியை நினைத்துக்கொண்டு விமான டிக்கெட் போடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். நல்லூர்த் தேர் 2023இல் செப்டெம்பர் 13, 2024இல் செப்டெம்பர் 1, 2025இல் ஓகஸ்ட் 21. பஞ்சாங்கப்படி நடக்கும் திருவிழா ஆங்கிலத் திகதிக்குள் நிற்காது. கொடியேற்றத்திலிருந்து 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். இந்தக் கணக்கோடு அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, அதன்பின் அறை எடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. திருவிழா நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும். அங்கப்பிரதட்சணம் செய்கிறவர்களுக்காக வீதியில் மணல் பரப்பப்படும். ‘கோயிலிலிருந்து இரண்டு நிமிட நடை’ என்று விளம்பரம் செய்யும் விடுதி அந்த மூடிய எல்லைக்குள் இருந்தால், உங்கள் வாகனம் வாசல்வரை வராது. சக்கர நாற்காலியில் வரும் தாத்தாவையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு வீதித்தடையில் நிற்கப்போவது நீங்கள்தான். “திருவிழாக் காலத்தில் வாகனம் உள்ளே வருமா? அனுமதி அட்டை உண்டா?” என்று கேளுங்கள். கோயில் ஒலிபெருக்கி அதிகாலையிலேயே தொடங்கும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். பக்திக்காக வருகிறவர்களுக்கு அது சுகம். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் சற்றுத் தள்ளித் தங்கலாம்.

தண்ணீர்: இதில் ஏமாந்தால் மீட்சி கடினம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால், இதை வையுங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் நிலத்தடி நீர்தான் ஊரின் உயிர். சுண்ணாம்புக்கல் வெடிப்பும் துளையும் நிறைந்தது. மேலே கொட்டுவது எதுவும் விரைவில் கீழே இறங்கிவிடும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் போடும் யூரியாவும் இறங்குகிறது, மலகூடக் குழிகளின் கழிவும் இறங்குகிறது. நகரத்தில் கழிவுநீரைக் கொண்டுபோகப் பொதுவான குழாய்த்தொகுதி இல்லை. ஒரே வளவில் கிணறும் குழியும் இருக்கும். சுன்னாகத்தில் மின்நிலையத்தின் எண்ணெய், ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட உத்தரவிட்டதை ஊர் மறக்கவில்லை.

இப்படிக் கீழே இறங்குபவற்றில் பெற்றோர் பயப்பட வேண்டியது, உரத்திலிருந்தும் மலகூடக் கழிவிலிருந்தும் வரும் நைத்திரேற்றுக்கு. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குடாநாட்டின் விவசாயப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இந்த அளவு தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம். உயிருக்கே ஆபத்து.

தொலைபேசியில் இந்தப் பேச்சு எப்படிப் போகும் தெரியுமா?

“தம்பி, குடிக்கிற தண்ணி என்ன தண்ணி?”

“கிணத்துத் தண்ணிதான் அம்மா. நல்ல தண்ணி. கொதிக்க வச்சுத்தான் குடுக்கிறம்.”

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிலோடு திருப்திப்படாதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடும். வடிகட்டித் துணியும் சாதாரண பில்டரும் அதைத் தடுக்கமாட்டா. கைக்குழந்தைக்கு நம்பகமான போத்தல் தண்ணீர் மட்டும்தான். போத்தலில் சுகாதார அமைச்சின் பதிவு இலக்கம் இருக்கிறதா, மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மேசையில் ஏற்கெனவே திறந்து வைத்த போத்தலைத் தொடாதீர்கள்.

2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது நல்ல செய்தி. அதற்காக உங்கள் விடுதிக்குக் குழாய் இணைப்பு வந்துவிட்டது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். கேளுங்கள்.

அசுத்தத் தண்ணீரால் பரவும் நெருப்புக்காய்ச்சல் நீண்டகாலமாக அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு வருகிறவர்கள், புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே வைத்தியரிடம் தடுப்பூசி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிணற்றுக்கட்டும் நுளம்பும்

பழைய வீட்டு விடுதிகளின் பின்வளவில் கிணறு இருக்கும். பல கிணற்றுக்கட்டுகள் ஒரு சிறுபிள்ளையின் நெஞ்சளவுக்குத்தான் வரும். பக்கத்தில் வாளியோ கல்லோ இருந்தால் அதில் ஏறி எட்டிப் பார்ப்பது பிள்ளைகளின் இயல்பு. குடாநாட்டில் கிணற்றில் தவறி விழுந்து பிள்ளைகள் இறக்கும் செய்தி அடிக்கடி வருகிறது. ஊர்ப் பிள்ளைக்குக் கிணறு பழக்கம், ரொறன்ரோவில் வளர்ந்த பிள்ளைக்கு அது வேடிக்கைப் பொருள். விடுதிக்குள் நுழைந்ததும், பெட்டியை வைக்கும் முன்பே, கிணறு எங்கே என்று கேளுங்கள். வலையோ இரும்பு மூடியோ இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். கோட்டை மதிலில் ஏறி மாலைக் காற்று வாங்கும்போதும் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். தடுப்பில்லாத விளிம்புகள் உண்டு.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மாரி மழை. அதுதான் டெங்குக் காலமும். 2023 டிசெம்பரிலும் 2024 ஜனவரியிலும் யாழ். மாவட்டத்தில் டெங்கு கடுமையாகப் பரவியது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். காலையும் பின்னேரமும் மிகக் கவனம். நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் வருகிறவர்கள் யன்னலுக்கு நுளம்பு வலை உண்டா என்று கேளுங்கள். முற்றத்துப் பூச்சாடித் தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கும் விடுதியில் அழகைப் பார்த்துத் தங்கிவிடாதீர்கள்.

முற்பணம் கேட்டு வரும் செய்தி

பேஸ்புக்கில் பக்கம் திறந்து, வேறொரு விடுதியின் படங்களைப் போட்டு, தனிநபர் வங்கிக் கணக்குக்கு முற்பணம் கேட்கிறவர்கள் திருவிழாக் காலத்தில் முளைக்கிறார்கள். விடுதியின் பெயரில் இல்லாத கணக்குக்குப் பணம் போடாதீர்கள். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த இடமா, பதிவு இலக்கம் என்ன என்று கேளுங்கள். இலக்கம் சொல்லத் தடுமாறினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

இன்னும் நுட்பமான மோசடியும் உண்டு. 2023 முதல் பல நாடுகளில், ஹோட்டல்களின் கணினிகளுக்குள் புகுந்த திருடர்கள், புக்கிங்.காம் செயலிக்குள்ளேயே ஹோட்டலின் பெயரில் விருந்தினருக்குச் செய்தி அனுப்பி வருகிறார்கள். “உங்கள் அட்டையை 24 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் பதிவு இரத்தாகும்” என்று ஒரு இணைப்பு வரும். உங்கள் பெயரும் திகதியும் சரியாகவே இருக்கும், அதனால் நம்பத் தோன்றும். அந்த இணைப்பைத் தொடவே வேண்டாம். ஹோட்டலின் தொலைபேசி இலக்கத்தை நீங்களே தேடி எடுத்து அழைத்துக் கேளுங்கள்.

சாப்பாட்டுக்கடை: கூட்டத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்

பொது சுகாதாரப் பரிசோதகர்கள் வழக்குத் தொடுத்து, நீதிமன்றம் தண்டப்பணம் விதித்து, உணவகங்களுக்குச் சீல் வைக்கும் செய்தி யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் ஓயாமல் வருகிறது. குற்றங்கள் ஏறக்குறைய ஒரேமாதிரித்தான் இருக்கும்: மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் உணவைக் கையாண்டது, மூடாமல் வைத்தது, பழுதான இறைச்சியைக் குளிர்பெட்டியில் வைத்தது. சனம் நிரம்பிய கடையிலும் இவை நடக்கும். இருக்கையில் அமருமுன் கைகழுவும் இடத்தைப் பாருங்கள். சவர்க்காரம் இல்லாத இடத்தில் சமைக்கிறவர் எதில் கை கழுவுவார்? வடையை வெறுங்கையால் எடுத்துத் தந்துவிட்டு அதே கையால் காசு வாங்குகிறாரா என்று பாருங்கள். அப்படியென்றால் எழும்பி வந்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிள்ளைகளுக்கு அந்தந்த நேரம் அவித்த இடியப்பம், புட்டு, சுடச்சுடத் தோசை, ஆவி பறக்கும் சோறு ஆகியவை பாதுகாப்பு. பச்சைத் தேங்காய்ச் சம்பலும் தேங்காய்ப்பாற் சொதியும் யாழ்ப்பாண வெக்கையில் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். காலையில் அரைத்த சம்பலை இரவு வரை பரிமாறும் கடை உண்டென்றால் அதை முகர்ந்தாலே தெரியும். சந்தேகம் வந்தால் தொடாதீர்கள். மின்வெட்டு நீண்ட நாளில் ஐஸ்கிரீம் வேண்டாம். உருகி மறுபடி உறைந்ததில் பனிப்பொடி மணல்போல் நறநறக்கும்.

ஒடியற் கூழை ஆசையாக வாங்கிக் கொடுக்குமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அதில் நண்டும் இறாலும் மீனும் ஒன்றாய்க் கிடக்கும். வாழ்க்கையில் முதல்முறையாக நண்டு சாப்பிடும் பிள்ளைக்கு ஒவ்வாமை இருந்தால், கடைக்காரருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. முதலில் ஒரு துளி நண்டுக்கறி கொடுத்துப் பார்த்துவிட்டு, வாயோ கண்ணோ வீங்காவிட்டால் மேலே போங்கள். பிள்ளைக்கென்று “உறைப்புக் குறைச்சு” என்று சொல்லியே எடுங்கள். யாழ்ப்பாணத்துக் கறித்தூள் பழகாத வயிற்றைச் சும்மா விடாது.

விரதக்காரர்கள் கேட்க வேண்டியது: சைவத்துக்கும் மச்சத்துக்கும் தனித்தனிச் சமையலறையா? ஒரே சட்டியில் இரண்டையும் சமைத்துவிட்டு ‘சைவமும் உண்டு’ என்று எழுதி வைக்கும் இடங்கள் உண்டு. சைவம் மட்டுமே வேண்டுமென்றால் நகரக் கடைத்தெருவிலேயே வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பெயர் பெற்ற பழைய மலாயன் கபே இருக்கிறது. திருநெல்வேலியில் வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகத்தில் பெண்கள் கண்முன்னே சமைத்துத் தருகிறார்கள். நல்லூரடியில் ரியோ ஐஸ்கிரீம் கடையைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிப்பார்கள். எந்த இடமானாலும் மேலே சொன்ன சோதனையைச் செய்துவிட்டே உட்காருங்கள். பெயருக்காக விலக்குக் கொடுக்காதீர்கள்.

ஹோட்டலுக்குள்ளேயே சாப்பிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் பல ஹோட்டல்களில் மதுபான அனுமதி உண்டு. சில இடங்களில் பாரும் சாப்பாட்டு மண்டபமும் ஒரே கூடம். இரவு 8 மணிக்குப் பிறகு பிள்ளைகளோடு அங்கே இருப்பது கஷ்டம். “குடும்பத்துக்குத் தனி இடம் உண்டா?” என்று முன்பே கேளுங்கள். நகரத்தில் பல கடைகள் இரவு 9, 10 மணியோடு பூட்டிவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

பில் வரும்போது அதிர்ச்சியடையாதிருக்க

விலைப்பட்டியலில் ‘++’ என்று சிறிதாக அச்சிட்டிருந்தால், சேவைக்கட்டணமும் வரியும் தனி என்று பொருள். சேவைக்கட்டணம் வழக்கமாக 10 வீதம். வற் பதிவுள்ள இடத்தில் 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதம். 10,000 ரூபா என்று சொன்ன அறை குறைந்தது 12,800 ரூபாவாகிவிடும். “கடைசித் தொகை எவ்வளவு?” என்ற ஒரே கேள்வி போதும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு ஒரு விலை, உள்ளூர் அடையாள அட்டைக்கு இன்னொரு விலை என்று வைத்திருக்கும் ஹோட்டல்கள் உண்டு. இரண்டும் கலந்த குடும்பம் என்றால் முன்பே சொல்லி விலையை எழுத்தில் வாங்குங்கள்.

போத்தல் தண்ணீருக்கு அரசாங்கம் உச்ச விலை வைத்திருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் 500 மில்லிலீற்றர் 70 ரூபா, 1 லீற்றர் 100 ரூபா. அதற்குமேல் வாங்கினால் பில்லைப் பத்திரப்படுத்தி முறையிடுங்கள்.

இந்த இலக்கங்களை இப்போதே தொலைபேசியில் சேமியுங்கள்: அவசர இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, சுற்றுலா அதிகார சபை 1912, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை 1977. உணவகச் சுத்தம் பற்றி முறையிட அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகலாம்.

யாழ்ப்பாணத்து விடுதிக்காரர்களில் பெரும்பாலானவர்கள் விருந்தினரைத் தங்கள் வீட்டாளாகவே நடத்துகிறவர்கள். நீங்கள் கேட்கும் கேள்விகள் அவர்களை நோகடிக்காது. உண்மையாகத் தொழில் செய்கிறவர் தண்ணீர்ச் சோதனை அறிக்கையைக் காட்டுவார், கிணற்று மூடியைக் காட்டுவார், கடைசிப் பில்லை எழுதித் தருவார். காட்டத் தயங்குகிறவரிடம் உங்கள் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். முற்பணம் அனுப்புவதற்கு முன்னால், இன்றைக்கே, அந்தத் தொலைபேசியை எடுத்துக் கேளுங்கள்.